இறந்த பிறகு செய்த தவறு

"என் குரு பொய்யர்னு தெரிஞ்சுபோச்சும்மா," என்றார் கர்னல் மாசிலாமணி.

மங்களேஸ்வரி அம்மா நர்மதைக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கர்னலைவிட வயதில் இளையவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நதியை வலம் வர வந்து, வலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டவர்.

"உங்க குரு நான்னு நெனைச்சிட்டிருந்தேன்," என்றார்.

"நீங்க எனக்குத் தலை நரைச்ச பிறகு கிடைச்ச குரு. அவர் நான் பட்டாளத்துல சேர்ந்த நாள்லேர்ந்து."

அவர் ஒரு ஜெர்மானியர். பெயர் ஜெனரல் வைடன்பாக். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படை நடத்தித் தோற்றவர். தோற்ற பிறகு தன் போர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜெயித்த நாட்டுத் தளபதிகளே அதைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

கர்னல் அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் பட்டாள அதிகாரிகளின் மெஸ்ஸுக்குள் நுழைந்தால், "வைடன்பாக் வர்றார்" என்று இளம் அதிகாரிகள் முணுமுணுப்பார்கள். அது கர்னல் காதில் விழும். கோபம் மட்டும் வராது.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார் அம்மா.

"நாளைக்கு ஒரு விசாரணை இருக்கும்மா. மனசு ஒரு நிலையில இல்ல."

"என்ன விசாரணை?"

"பயிற்சியில ஆத்தைக் கடக்கும்போது ஒரு டாங்கி முழுகிடுச்சு. நான் ஏறியிருந்த டாங்கிதான். நாங்கள்லாம் நீந்திக் கரையேறிட்டோம். டிரைவர் உள்ளேயே போயிட்டான். பெரியகருப்பன்னு பேரு, ராமநாதபுரத்துப் பையன். ஆழம் பார்த்துக் கொடி நட்ட பாதையை விட்டு இடதுபக்கம் ஒதுங்கிட்டான். நாளைக்கு நான் அதைச் சொல்லணும்."

"அவங்க வீட்டுல யார் இருக்கா?"

"அப்பா இருக்கார். அவரும் பட்டாளத்துக்காரர். விசாரணைக்கு வந்திருக்கார்."

அம்மா துணியை முறுக்கிப் பிழிந்தார்.

"சரி. உங்க ஜெர்மன்காரர் என்ன பொய் சொன்னார்?"

கர்னலுக்கு மூச்சு வந்தது. இந்தப் பேச்சென்றால் அவரால் பொழுது சாயும்வரை பேச முடியும்.

"பிரான்சுல ஒரு ஆறு. பாலம் இல்லை. எதிர்க்கரையில பீரங்கி. வேவு பார்க்கக் காத்திருந்தா விடிஞ்சிரும். 'வேகம்தான் கவசம்'னு சொல்லி, முதல் டாங்கியில தானே நின்னு கடந்ததா எழுதியிருக்கார். அதைப் படிச்சுத்தான் நான் டாங்கிப் படையே கேட்டு வாங்கினேன்."

"கடக்கலையா?"

"கடந்தது ஹோல்கர்னு ஒரு லெப்டினன்ட். யாரும் சொல்லாமலே கடந்திருக்கான். ஜெனரல் பின்னாடி ஒரு பண்ணை வீட்டுல தூங்கிட்டிருந்திருக்கார். எல்லாம் முடிஞ்சு, கடந்தவங்க சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வெச்ச பிறகுதான் வந்து சேர்ந்திருக்கார். ஒரு ஆராய்ச்சியாளர் இப்போ தோண்டி எடுத்துட்டார்."

அம்மா சிரித்தார். கர்னல் சிரிக்கவில்லை.

"அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ரஷ்யாவுல மழைக்காலத்துல மொத்தப் படையும் சேத்துல மாட்டிக்கிச்சு. எரிபொருள் தீர்ந்துபோச்சு. நின்ன இடத்துலயே எல்லாம் எரிஞ்சது. அதுக்கு யார் காரணம்னு எழுதியிருக்கார் தெரியுமா? அதே ஹோல்கர். அவன் வழி தவறிட்டானாம்."

"தவறினானா?"

"இல்லம்மா. அன்னைக்கே ஜெனரல் மேலிடத்துக்குத் தந்தி அடிச்சிருக்கார். 'ஹோல்கர் நான் சொன்ன வழியிலேயே கடைசிவரைக்கும் போய் உயிரை விட்டான், பதக்கம் கொடுங்க'ன்னு. புத்தகம் எழுத உட்கார்ந்தப்போ மாத்திட்டார்."

"அப்போ அவன் எப்போதான் வழி தவறினான்?"

கர்னல் புருவத்தைச் சுருக்கினார்.

"உயிரோட இருந்தவரைக்கும் ஒழுங்காத்தான் போயிருக்கான்," என்றார் அம்மா. "செத்த பிறகுதான் தப்புப் பண்ண ஆரம்பிச்சிருக்கான்."

ஆற்றில் ஒரு படகு போனது. அம்மா அடுத்த துணியை எடுத்து அலசினார்.

"புத்தகத்துல வேற யாரெல்லாம் தப்புப் பண்ணாங்க?"

"எரிபொருள் அனுப்பாத ஒரு தளபதி."

"இருக்காரா?"

"சிறையில செத்துட்டார்."

"அப்புறம்?"

"வரைபடத்தைத் தப்பாப் படிச்ச ஒரு அதிகாரி. அவரும் குண்டு பட்டுப் போயிட்டார். மத்ததெல்லாம் ஹிட்லர் தலையில. அந்த ஆள் பாவத்துக்கு அளவே கிடையாதும்மா, அவனுக்காக நான் வாதாட வரல. ஆனா தோத்ததுக்கெல்லாம் அவன்தான் காரணம்னா, ஜெயிச்சதுக்கெல்லாம் இவர் எப்படிக் காரணம்? அந்தப் பாவத்துக்கு டாங்கி ஓட்டினவர்தானே இவரும்?"

"அந்தப் புத்தகத்துல, உயிரோட இருக்கிறவங்க யாராவது தப்புப் பண்ணியிருக்காங்களா?"

கர்னல் புத்தகத்தை மனத்துக்குள் புரட்டினார். ஒவ்வொரு பக்கமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆறுகள் வந்தன, காடுகள் வந்தன, பனி வந்தது. தப்புப் பண்ணிவிட்டு உயிரோடு இருந்தவன் ஒருத்தன்கூட வரவில்லை.

இத்தனை தடவை படித்தும் இது கண்ணில் படவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா துணியைப் பாறைமேல் உலர்த்திவிட்டு வந்தார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு இங்கே ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

கர்னல் எழுந்து நின்றார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"டிரைவர் பெரியகருப்பன், குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகியதால்..."

"யார்கிட்ட சொல்றீங்க?"

"விசாரணை அதிகாரிங்ககிட்ட."

"அவங்க அன்னைக்கு ஆத்துல இல்ல. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன்கிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு அம்மா மணலில் மல்லாந்து படுத்தார். கைகளை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியகருப்பன் கிடக்கேன். சொல்லுங்க."

உச்சி வெயில். கர்னலுக்குச் செருப்பைத் தாண்டிக் கால் பொரிந்தது.

"அம்மா, மணல் சுடுது. எழுந்திருங்க."



கர்னல் சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் ஜீப் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. சரி, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினார்.

"கருப்பா, நீ கொடியை விட்டு..."

மேற்கொண்டு பேச்சு வரவில்லை. அவன் மறுத்து ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார். மறுத்தால் அதட்டலாம். அதட்டிப் பழகிய வாய்தான் அது.

அவன் மறுக்கவில்லை.

டாங்கி முழுகிய அன்று காலை, ஆற்றைக் கடக்கும்போது மற்ற இரண்டு வீரர்களும் டாங்கியின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்தவன் டிரைவர் மட்டும். காதில் மாட்டிய கருவி வழியாக அவன் குரல் கேட்டது கர்னலுக்கு மட்டும்தான்.

"சார், இடதுபக்கம் இன்னும் கொடி நடல. ஆழம் தெரியல சார்."

கர்னல் மேலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார், ஜெனரல் வைடன்பாக் நின்றதாக எழுதியிருந்தபடியே.

"வேகம்தான்டா கவசம். இடதுபக்கம் குறுக்கே திருப்பு. போ."

"சரி சார்."

அவ்வளவுதான்.  இப்போது அவர் மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது. அடக்கவில்லை.

"நீ தப்புப் பண்ணலடா. ஆழம் தெரியலன்னு நீ சொன்னே. நான்தான் போகச் சொன்னேன்."

அம்மா அசையவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"சொல்லிட்டேம்மா," என்றார் கர்னல். "எழுந்திருங்க."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்கே சொல்லிட்டு வாங்க. அவங்கப்பா உட்கார்ந்திருப்பார்ல, அவர் காதுல விழற மாதிரி."

"விசாரணை நாளைக்குத்தானேம்மா."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"அதுவரைக்கும் கிடக்கேன். நீங்க போயிட்டு வாங்க."