கால்புள்ளி வைக்காத அணில்

மலைமேல் ஒரு பாழடைந்த பங்களா. அதற்குள் ஒரு பியானோ. பியானோவின்மேல் ஓர் அணில்.

அந்த அணிலுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பியானோக் கட்டைகளின்மேல் நாலு காலும் வாலுமாக ஓடி ஓடி, சொந்தமாக ஒரு பாட்டு உண்டாக்கியிருந்தது. தினமும் சாயங்காலம் அதை வாசிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதையும் அணிலே எல்லோரிடமும் சொல்லித் திரியும் என்பதுதான் சங்கடம்.

பங்களாவின் ஜன்னலுக்குக் கீழே ஒரு கடமான் தன் கன்றை வளர்த்துவந்தது. கன்றின் பெயர் செம்பன். எங்கே மேயப் போனாலும், அணிலின் பாட்டு காதில் விழுந்தால் செம்பன் வீடு திரும்பிவிடுவான்.

ஒருநாள் மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. எதிரில் நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. செம்பனையும் காணவில்லை. கடமான் பதறிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடிவந்தது.

"அணிலு, எம்புள்ள ஓடையத் தாண்டிப் போயிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அந்தப் பக்கம் செந்நாய்ங்க சீழ்க்கை கேக்குது. உன் பாட்ட வாசிப்பா."

அணில் வாசித்தது. இரண்டு தடவை வாசித்தது. செம்பன் வரவில்லை. பியானோவின் சத்தம் ஓடை வரைக்கும்தான் போகும். ஓடைக்கு அப்பால் கொண்டுபோகலாம் என்று கரடி வந்து பியானோவைத் தூக்கிப் பார்த்தது. உள்ளே ஏதோ கம்பி அறுந்ததே தவிர, பியானோ அசையவில்லை.

"பியானோ நடக்காது. குழல் நடக்கும்," என்றது நீர்நாய். "பாட்டக் குழலுக்கு மாத்திக் குடு. முகட்டுக்குப் போய் ஊதுறோம்."

பங்களா அலமாரியில் பழைய வாத்தியங்கள் கிடந்தன. அவற்றை ஊதிப் பழகியவர்கள் நாலு பேர். கீரிக்குப் புல்லாங்குழல். நீர்நாய்க்குக் கிளாரினெட். முள்ளம்பன்றிக்கு பசூன் என்கிற நெட்டைக் குழல். கரடிக்கு, குடல் மாதிரி சுருண்டு கிடக்கும் பித்தளைக் கொம்பு.

அணில் நாலு வாழையிலைகளை விரித்துப்போட்டு, பல்லால் சுரங்களைக் குத்த ஆரம்பித்தது. ஒரு குழலில் ஒரு நேரத்துக்கு ஒரு சுரம்தான் வரும். பியானோவில் நாலு காலும் சேர்ந்து அடித்ததை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அணில் மடமடவென்று பிரித்தது. அதோடு நின்றதா? வால் தட்டிய சுரங்களையும் இண்டு இடுக்கில் திணித்தது.

"சீக்கிரம், சீக்கிரம்," என்று கடமான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தது.

நீர்நாய் தன் இலையை வாங்கிப் பார்த்தது. இலையில் விரல் வைக்க இடமில்லை.

"தம்பி, கால்புள்ளி எங்க?"

"கால்புள்ளியா? இது என்ன கட்டுரையாக்கா?"

"ஊதுறவங்களுக்குக் கால்புள்ளின்னா மூச்சு. அது இருக்கிற இடத்துலதான் நாங்க மூச்சு வாங்குவோம்."

"நான் வாசிக்கும்போது மூச்சு விடாமலா இருக்கேன்? அது பாட்டுக்கு அது நடக்கும். பாட்டுக்கும் மூக்குக்கும் என்னக்கா சம்பந்தம்?"

காலால் வாசிக்கிறவனுக்கு அந்தச் சம்பந்தம் தெரிய நியாயமில்லைதான். தெரியாததைக் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? அணிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீர்நாய் வாயைத் திறப்பதற்குள் அது ஓடை தாண்டிப் பாதி முகடு ஏறிவிட்டது.

முகட்டில் பனி இன்னும் அடர்த்தி. நாலு பேரும் ஊதத் தொடங்கினார்கள். மூன்றாவது வரியில் கீரிக்குக் கண் இருட்டியது. ஐந்தாவது வரியில் முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் விறைத்து நின்றன. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்க, சத்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எட்டாவது வரியில் கரடி கொம்போடு மல்லாக்க விழுந்தது.

"என்ன ஊதுறீங்க! மறுபடியும் முதல்லேருந்து. ஒரு சுரம் விடக்கூடாது," என்று கத்தியது அணில்.

மறுபடியும் ஊதினார்கள். மறுபடியும் அதே கதி. பனிக்குள் எங்கோ செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

"ஓடைத் தண்ணிக்குள்ள நான் எவ்வளவு நேரம் மூச்சடக்குவேன்னு உனக்கே தெரியும். என்னாலயே முடியலப்பா," என்றது நீர்நாய்.

"சோம்பேறித்தனம்," என்றது அணில்.

கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கொம்பை அணிலின் வாயருகே நீட்டியது. "இந்தா, நீ ஊது. என் வரி ஒண்ணே ஒண்ணு."

அணில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதியது. முதல் சுரம் வந்தது. நாலாவது சுரத்தில் வயிறு ஒட்டியது. ஆறாவது சுரத்தில் கண் பிதுங்கியது. ஏழாவது சுரம் இலையில்தான் இருந்தது, அணிலின் உடம்பில் இல்லை. அது கொம்பின்மேல் சாய்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

கடமான் அதன் முன்னால் வந்து நின்றது. "எம்புள்ளைக்கு உன் பாட்டு மொத்தமும் தெரியாதுப்பா. நடுவுல அஞ்சு சுரம் வருமே, அதக் கேட்டுட்டுத்தான் காத விடைப்பான். அதக் குடு போதும்."

அணிலுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. இலைகளைப் பிடுங்கி, வால் தட்டிய சுரங்களை எல்லாம் கிழித்தெறிந்தது. பெருமையாகப் போட்ட அலங்காரச் சுரங்களும் அவற்றோடு போயின. ஒவ்வொன்றைக் கிழிக்கும்போதும் அதற்கு வலித்தது. பிறகு நீர்நாயிடம் திரும்பி, "எங்கெங்க கால்புள்ளி வைக்கணும், சொல்லுங்கக்கா," என்று கேட்டது. நீர்நாய் காட்டிய இடத்தில் எல்லாம் நறுக் நறுக்கென்று கடித்து வைத்தது.

மூன்றாம் முறை ஊதினார்கள். ஐந்தே சுரம். கொம்பு கீழே தாங்க, புல்லாங்குழல் மேலே போனது. கால்புள்ளி வந்ததும் நாலு பேரும் ஒன்றாக நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.

அந்த ஒரு மூச்சு நேரம் மலை அமைதியாக இருந்தது.

"ம்ம்மே..."

கீழே, வலது பக்கத்துப் பள்ளத்திலிருந்து வந்தது. கடமான் பாய்ந்தது. கரடி கொம்பைப் போட்டுவிட்டு உறுமிக்கொண்டே பின்னால் உருண்டோடியது. அந்த உறுமலைக் கேட்டதும் செந்நாய்கள் வந்த வழியே திரும்பின.

பள்ளத்தில் இரண்டு பாறைகளுக்கு இடையே செம்பனின் கால் சிக்கியிருந்தது. கரடி பாறையை நகர்த்த, கடமான் கன்றை இழுத்து நக்கித் தீர்த்தது. அணில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"பாட்டு இப்பத்தான் கேட்டுச்சா செம்பா?"

"முகட்டுல முதல் தடவை ஊதினப்பவே கேட்டுச்சு," என்றான் செம்பன். "நான் அப்பலேருந்து கத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் நிறுத்தவே இல்ல."

தன் திறமையில் எதையும் விட்டுக்கொடுக்காமல், அடுத்தவரை மூச்சுவிடவும் விடாதவனுக்கு, தேடுவது பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாலும் காதில் விழாது.