கணவாய் கொடுத்த ஓடு

கடலில் உள்ளவையும் கரையில் உள்ளவர்களும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மத்தியதரைக் கடலில் தெலோரா என்றொரு சின்னத் தீவு இருந்தது. அதற்கு ஒரே துறைமுகம், அதைச் சுற்றி நாற்பது வீடுகள். கோடை வந்தால் அங்கே யாருக்கும் சோறு இறங்காது. கோடையில்தான் கடற்கொள்ளையர் வந்து ஆட்களைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுபோவார்கள். போனவர்கள் திரும்பியதே இல்லை. மரூலா என்பவள் கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்துப் பிழைப்பவள்; அவள் தங்கையும் அப்படிப் போனவள்தான்.

ஒருநாள் உச்சிவெயிலில் ஊர் உறங்கிக் கிடந்தது. துறைமுக வாயிலில் இருந்த பாறையில் மரூலா ஏறி மூச்சு வாங்கியபோது, தூரத்தில் மூன்று கறுப்புப் பாய்கள் தெரிந்தன. தொண்டை கிழியக் கத்தினாள். குரல் கரைக்கு எட்டவில்லை. நீந்திப் போவதற்குள் கப்பல்கள் முந்திவிடும்.

பாறையடியில் பேய்க்கணவாய் ஒன்று இருந்தது. ஆக்டோபஸ் என்கிறோமே, அதுதான். அப்போது அதற்குச் சங்கு போல முறுக்கிய பெரிய ஓடு உண்டு.

"உன் ஓட்டைக் கொடு. ஊதினால் ஊருக்குக் கேட்கும்," என்றாள் மரூலா.

"ஐயோ, வெளியே வந்தால் விலாங்கு மீன் என்னைக் கிழித்துவிடும்!"

"உடனே திருப்பித் தருகிறேன். என் பிள்ளை வீட்டில் தூங்குகிறான்."

கணவாய் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. மரூலா ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. நுனியை உடைத்தால்தான் ஒலிக்கும். உடைத்தால் அதில் இனிக் குடியிருக்க முடியாது. கணவாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கப்பலில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

கத்தியின் பிடியால் ஓங்கி அடித்து நுனியை உடைத்தாள்.

மறுபடி ஊதியதும் ஓடு அலறியது. கதவுகள் திறந்தன. மரூலாவின் மகனோடு எல்லாப் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு ஜனங்கள் மலைக்கு ஓடினார்கள். மரூலா மூக்கு மட்டும் வெளியே தெரிய, பாறையிடுக்கில் கிடந்தாள். கொள்ளையரின் துடுப்பு அவள் தலைமுடியை உரசிச் சென்றது. பக்கத்தில் கணவாய் பயத்தில் வெளிறி, பிறகு பாறையின் நிறமாகவே மாறிப்போனது.

ஆளில்லாத வீடுகளைக் கொளுத்திவிட்டுக் கொள்ளையர் போனார்கள். மரூலா ஓட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கணவாய் ஆசையாக உள்ளே புகுந்தது. உடைந்த நுனி வழியே விலாங்கின் மூக்கு நுழைந்தது. கணவாய் பதறி வெளியே பாய்ந்தது.

"திருப்பித் தருவதாகச் சொன்னாயே," என்றது.

மரூலா அழுதுகொண்டே போய்த் எரிந்த வீட்டில் மிஞ்சியிருந்த தன் தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து கடலில் இறக்கினாள். கணவாய் அதற்குள் சுருண்டுகொண்டது. அதன்பிறகு அது யாரோடும் பேசவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம்தான், இன்றும் ஓடில்லாத கணவாய் ஒரு நிழல் விழுந்தாலே நிறம் மாறுகிறது. காலிப் பானை எதைக் கண்டாலும், அது மீனவர் வைத்த பொறியானாலும், உள்ளே புகுந்துகொள்கிறது.