நேச அணியில் ஒரு காகம்

ஒரு சோளக்காட்டில் வைக்கோல் பொம்மை ஒன்று நின்றிருந்தது. பறவைகளை விரட்டுவது அதன் வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்கு யோசனைதான்.

கதிர் பால் பிடித்த சமயத்தில் காட்டுப்பன்றிகள் மலையிறங்கின. வேலியில் தொங்கிய தகர டின், பொம்மையையும் பக்கத்துப் பனையில் குடியிருந்த காகத்தையும் கூப்பிட்டது.

"மூவரும் சேர்ந்தால்தான் பன்றிகளை விரட்ட முடியும். போரில் இப்படிச் சேர்கிறவர்களுக்கு நேச அணி என்று பெயர். டீக்கடையில் எண்ணெய் டின்னாக இருந்தபோது ரேடியோவில் கேட்டிருக்கிறேன்."

"தினம் நான் துரத்துகிற காக்கையோடு எனக்கென்ன நேசம்?" என்றது பொம்மை.

"எனக்கு மட்டும் உன்மேல் ஆசையா, சட்டித்தலையா?" என்று காகம் சிரித்தது. "பன்றி புகுந்தால் கதிரெல்லாம் சோளத்தட்டையோடு போய்விடும். அறுப்பில் சிந்துகிற மணிகூட எனக்குக் கிடைக்காது. அதனால் வருகிறேன்."

அன்று பொழுது சாயும்போது, பனைமேலிருந்து பன்றிகளைக் கண்ட காகம் பறந்து வந்து டின்னைக் கொத்தியது. டின் அலறியது. முன்னால் வந்த பன்றி, பொம்மையை ஆளென்று நினைத்துத் தயங்கியது. அதற்குள் காட்டுக்குச் சொந்தக்காரர் ராக்கியண்ணன் வெடியோடு ஓடி வந்துவிட்டார். மலையேறிப் போன பன்றிகள் திரும்பவில்லை.

பொம்மைக்கு மனம் நிறைந்துபோயிற்று. கூடவே ஓர் உறுத்தல். நேச அணி என்று சொல்லிக்கொண்டு இன்னும் காகத்தைத் துரத்துவதா? காலையில் அதை அழைத்துத் தன் தோளில் உட்காரச் சொன்னது. காகமும் உட்கார்ந்து சுகமாக இறகு கோதியது.

கிளிகள் அதைப் பார்த்தன. "காக்காய்க்கே பயமில்லை, நமக்கென்ன?" என்று கூட்டமாக இறங்கிக் கதிர்களைக் கொறித்தன.

மத்தியானம் ராக்கியண்ணன் வந்து பார்த்தார். "காக்கா குந்தறதுக்கா உன்னைய நட்டேன்? நாளைக்கும் கிளி எறங்குச்சுன்னா புடுங்கி அடுப்புல வெச்சர்றேன் பாரு!"

அவர் போனதும் பொம்மை டின்னிடம் கேட்டது. "அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்? நான் எங்கே தப்பாகப் புரிந்துகொண்டேன்?"

"பெயரைத்தான் கேட்டேன். அர்த்தம் சொல்வதற்குள் யாரோ பாட்டு வைத்துவிட்டார்கள்" என்றது டின்.

காகம் பறந்துபோயிற்று. பன்றிக்காகச் சேர்ந்தது, பன்றி போனதும் போய்விட்டது என்று பொம்மை நினைத்தது. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை கிளிக்கூட்டம் வந்தது. அவற்றுக்கு முன்னால் காகம் பறந்து வந்தது, நேரே பொம்மையின் தோளை நோக்கி. தோளை நெருங்கியதும், "ஐயையோ, ஆளு! ஆளு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, விழுந்தடித்துத் திரும்பியது. கிளிகள் அதையும் முந்திக்கொண்டு பறந்தன.

பனைமேல் உட்கார்ந்த காகம் மூச்சு வாங்கியபடி தலையைச் சாய்த்துப் பொம்மையைப் பார்த்தது.

அறுப்பு முடியும்வரை தினமும் இப்படியே நடந்தது. தன்னைக் கண்டு இத்தனை அன்பாக யாரும் ஓடியதில்லை என்று பொம்மை நினைத்துக்கொண்டது.