மன்னர் வைத்த பருப்பு

மிளகாய் இந்த மண்ணை எட்டிப் பார்க்காத காலம் அது. காரம் என்றால் மிளகு ஒன்றுதான். அந்தக் காலத்தில் ஆம்பலூர் என்றொரு சின்ன நாட்டை வேள்நம்பி என்ற ராஜா ஆண்டுவந்தார். போருக்குப் போனால் அவர் புலி. ஆனால் ராணி கோதைமங்கையின் முகம் கொஞ்சம் வாடினாலும் போதும், அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ராணி ஒருமுறை காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் நாக்கு மரத்தே கிடந்தது.

"பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்" என்றார் வைத்தியர்.

அரண்மனைச் சமையல்காரர்களுக்குக் கை சும்மா இருக்குமா? முதல் நாள் பருப்பில் குங்குமப்பூ போட்டார்கள். இரண்டாம் நாள் ஏலக்காய். மூன்றாம் நாள் பன்னீரே தெளித்துவிட்டார்கள்! மூன்று நாளும் ராணி தட்டைத் தள்ளிவிட்டாள்.

ராஜாவுக்கு நெஞ்சு பதறியது. "எல்லோரும் வெளியே போங்கள். நானே வைக்கிறேன்!" என்று பட்டு மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

அடுப்பை ஊதினார், மீசை பொசுங்கியது. பருப்பு பொங்கி வந்தது. "நில்!" என்று அதட்டினார். பத்தாயிரம் படைவீரர்கள் அந்தக் குரலுக்கு நின்றிருப்பார்கள். பருப்பு நிற்கவில்லை. ஒருவழியாக மஞ்சள் சேர்த்து, மத்தால் கடைந்து, நெய்யில் சீரகமும் மிளகும் பூண்டும் தாளித்துக் கொட்டினார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்ததே, அதைக் கேட்டு ராஜா சின்னப் பிள்ளைபோலக் குதித்தார்.

எல்லாம் போட்டார். உப்பை மட்டும் மறந்துவிட்டார்.

கணவர் மூக்கில் அப்பியிருந்த கரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ராணி முழுக் கிண்ணத்தையும் காலி செய்தாள். மரத்த நாக்குக்கு உப்பு எங்கே தெரியும்? ராஜாவோ வாய்க்கு ஒரு மாவடுவைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டதால் அவருக்கும் தெரியவில்லை.

சபைக்கும் பருப்பு போனது.

"அமுதம்!" என்றார் மந்திரி.

"அமுதமா? அதற்கும் மேலே!" என்றார் தளபதி.

"தேவர்கள் இதற்காக இறங்கி வருவார்கள்!" என்றார் அவைப்புலவர்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தொடர்ந்து பத்து நாள் அதேபோலப் பருப்பு வைத்தார். பத்து நாளும் பாராட்டு மழை. பத்தாம் நாள் ஓர் அறிவிப்பே செய்துவிட்டார். "ஆற்றுத் தண்ணீருக்காக மூன்று முறை நம்மோடு போரிட்ட பக்கத்து நாட்டு அரசர் சமாதானம் பேச வருகிறார். அவருக்கு என் கையால்தான் பருப்பு!"

அதற்குள் ராணியின் நாக்கு தேறிவிட்டது. அன்று ஒரு வாய் வைத்தவள் திடுக்கிட்டாள்.

"அரசே, உப்பே இல்லையே! விருந்தாளிக்கு இதைப் போட்டால் அவமதித்தோம் என்று நான்காவது போர் வரும்."

"ஊரே அமுதம் என்கிறது. உனக்கு மட்டும் உப்பில்லையா?"

"மாவடு இல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்."

சாப்பிட்டார். மென்றார். முகம் சுருங்கியது.

"பத்து நாளுமா இப்படி?"

"எனக்கு நாக்கு மரத்திருந்தது. அவர்களுக்கு என்னவாம்?"

ராஜா யோசித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் பருப்பில் ஒன்று, இரண்டு, மூன்று கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுச் சபையில் பரிமாறச் சொன்னார். மந்திரிக்குக் காது சிவந்தது. தளபதிக்குக் கண்ணீர் கொட்டியது. "ஆனந்தக் கண்ணீர், மன்னா!" என்றார். புலவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கையை மட்டும் வானத்தை நோக்கி உயர்த்தினார்.

"அவ்வளவு ருசியா? இன்னும் ஒரு கரண்டி!" என்று ராஜா தானே ஊற்றினார்.

அந்த நேரம் பாத்திரம் தேய்க்கும் காத்தி, காலிச் சட்டியை எடுக்க வந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தவள், தூவென்று துப்பினாள்.

"எந்தப் பாவி வைத்தான் இதை? கடல் தண்ணியை வற்றக் காய்ச்சினமாதிரி இருக்கே!"

ராஜா எழுந்தார்.

"நான்தான் வைத்தேன்."

காத்தி சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ஆனாலும் சொன்னாள்: "ராசா வச்சாலும் உப்பு உப்புதானே, சாமி!"

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மூவர் பக்கமும் திரும்பினார்.

"பருப்பில் உப்பில்லை என்று சொல்லவே பயப்படுகிறீர்கள். எதிரி கோட்டை வாசலில் நிற்கிறான் என்று எனக்கு எப்படிச் சொல்லப்போகிறீர்கள்?"

மூவரும் தலைகுனிந்தார்கள். மந்திரி மட்டும் மெல்ல, "மன்னா... கொஞ்சம் தண்ணீர்" என்றார். ராஜாவே சொம்பை நீட்டினார்.

விருந்து நாளில் ராஜா பருப்பைக் கடைந்தார், ராணி உப்பிட்டாள், காத்தி ருசி பார்த்தாள். பக்கத்து நாட்டு அரசர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு ராஜாக்களும் கை கழுவும் முன்பே ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஆகையால், கேட்டவர்களே, நம் குறையை நம் முகத்துக்கு நேரே சொல்கிறவர்தான் நமக்கு உண்மையான துணை.