சடைச்சியின் முடியும் கொட்டிய கோல்களும்

பனிமலை ஏரியில் வடகரை மிருகங்களும் தென்கரை மிருகங்களும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. குளிர்காலம் வந்தால் அந்த ஏரி கல்லாக உறைந்துவிடும். அதன்மேல் வழுக்கிக்கொண்டே போய், வளைந்த குச்சியால் ஒரு மர வட்டைத் தள்ளி, எதிர்க்கரையின் வாசலுக்குள் போட வேண்டும். நாம் ஐஸ் ஹாக்கி என்கிறோமே, அதே ஆட்டம்தான். வட்டு உள்ளே போனால் கோல்!

ஆடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. பார்க்க வருகிற மிருகங்கள் கொட்டையோ கிழங்கோ காய்ந்த புல்லோ ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து போடும். அதை வைத்துத்தான் ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. கோல் விழுந்தால் பார்க்க வந்த அத்தனை பேரும் பனிக்கட்டிமேல் இறங்கி, ஒன்றாக ஒரு குதி குதிக்க வேண்டும். எந்தக் கரை கோல் போட்டாலும் இரண்டு கரையும் குதிக்கும். குதிக்காமல் உட்கார்ந்திருப்பவனை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் குதிக்கவே வழியில்லாமல் போய்விட்டது.

காரணம், வாசல் காக்கிறவர்கள். வடகரை வாசலில் சடைச்சி என்ற கவரிமா நின்றது. உடம்பெல்லாம் தரையைத் தொடும் சடைமுடி. வட்டு வருகிறதென்றால் வாசலுக்குக் குறுக்கே தொப்பென்று படுத்துவிடும். அப்புறம் எறும்புகூட நுழைய முடியாது! தென்கரை வாசலில் அந்த வருஷம் புதிதாக வந்த காட்டுப்பன்றி. அது படுக்கவே வேண்டாம், நின்றாலே வாசல் அடைத்துக்கொள்ளும்.

ஆட்ட நிலவரத்தைக் கத்திச் சொல்வது அண்டங்காக்கையின் வேலை. பாவம், அது என்னதான் சொல்லும்?

"இன்னும் ஒண்ணும் இல்லை! இப்பவும் ஒண்ணும் இல்லை!"

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தீனியும் குறைந்தது. ஆட்டத்தை நடத்துகிற நரி மிச்சமிருந்த கிழங்குகளை எண்ணிப் பார்த்தது. உடனே சபையைக் கூட்டியது.

"கோல் விழாத ஆட்டத்தை எவன் பார்ப்பான்? சட்டத்தை மாத்தணும்! யாருக்காவது யோசனை இருந்தா சொல்லுங்க!"

மலை எலிகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தன. "இதுக்கு யோசனை வேற வேணுமா? சடைச்சியோட முடியை வெட்டிடலாம்! எங்க பல்லு எதுக்கு இருக்கு?"

எலிகளுக்கு ஆட்டத்தின்மேல் ரொம்ப அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டிய முடி பொந்துக்கு மெத்தையாகும், அவ்வளவுதான்.

காட்டுப்பன்றி தலையைத் தலையை ஆட்டியது. "வெட்டுங்க, வெட்டுங்க! ஆட்டம் நல்லா இருக்கணும்னா நாலு பேர் விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்!"

அதன் உடம்பில் வெட்ட முடி ஏது? வாய் கிழியப் பேசாதா பின்னே! ஆனால் ஒரு எலி சும்மா இருக்காமல், "ஒரு கரைக்கு மட்டும் சட்டம் போட்டா ஓரவஞ்சனைன்னு சொல்லுவாங்க. பன்றி அண்ணனைப் பட்டினி போட்டு இளைக்க வச்சுடுவோம்!" என்றது. பன்றி மெல்ல நகர்ந்து கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றது.

சடைச்சி ஓரடி முன்னால் வந்தது. அதன் வயிற்றடி முடிக்குள் அந்த வருஷம் பிறந்த கன்று ஒடுங்கிக்கொண்டிருந்தது.

"நரியண்ணே, முடி போனா என் மானம் போயிடும்னு நான் அழலை. மானம் கீனமெல்லாம் அப்புறம். குளிரு சாமி, குளிரு! ராத்திரி என் கன்னு இந்த முடிக்குள்ளதான் படுக்குது. இதை வெட்டினீங்கன்னா நாங்க ரெண்டு பேரும் விறைச்சே செத்துப்போவோம்!"

"உன் கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது, சடைச்சி. ஆனா ஊரோட கஷ்டத்தையும் பார்க்கணுமில்ல?" என்றது நரி.

அடுத்தவர் கஷ்டம் இவ்வளவு சுலபமாகப் புரிந்துவிடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

தென்கரை முயலுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அதுதான் அந்த ஏரியிலேயே பெரிய ஆட்டக்காரன். சடைச்சி வாசல் காக்க வந்த பிறகு மட்டும் அது ஒரு கோல்கூடப் போட்டதில்லை.

"நான் ஒத்துக்க மாட்டேன்! சடைச்சி அக்கா வாசல்ல ஒரு கோல் போட்டுடணும்னு நான் வருஷக்கணக்கா ஏங்கறேன். முடியை வெட்டிட்டுப் போட்டா அது நான் போட்ட கோலா? எலி போட்ட கோல்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இல்ல இருக்கு!"

"உனக்கென்னப்பா, ஒரு கட்டுப் புல் இருந்தா உன் குளிர்காலம் ஓடிடும். எங்க வயித்தை யாரு பார்ப்பா?" என்று நரி அடக்கிவிட்டது.

சபையில் கை தூக்கச் சொன்னார்கள். முடியை வெட்ட வேண்டும் என்றுதான் நிறையக் கைகள் எழுந்தன. அந்தக் காட்டில் சபை சொன்னால் சொன்னதுதான். மீறினால் மலையை விட்டே போக வேண்டும். கொட்டுகிற பனியில் கைக்கன்றோடு எங்கே போவது?

சடைச்சி கன்றை முடிக்குள் தள்ளி மூடிக்கொண்டது. பிறகு கேட்டது:

"வெட்டின முடியைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா, நரியண்ணே?"

"அதெப்படி முடியும்?"

"அப்ப வெட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. நானும் பன்றியும் கரையில உட்கார்ந்துக்கறோம். ரெண்டு வாசலும் சும்மா கிடக்கட்டும். நீங்க கேட்ட மாதிரி கோலாக் கொட்டும். அது உங்களுக்குப் பிடிச்சிருந்தா சாயங்காலமே வெட்டிக்குங்க. நான் அசையவே மாட்டேன்."

"இவ்வளவுதானா! நாளைக்கே ஆடிப் பார்த்துடுவோம்!" என்று நரி சிரித்தது. எலிகள் பல்லைக் கல்லில் தீட்டப் போய்விட்டன. அன்று இரவு சடைச்சி கன்றை அணைத்துக்கொண்டு பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாது! கோல் மழை என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து மலையிலிருந்தெல்லாம் மிருகங்கள் வந்திருந்தன. தீனி மலையாகக் குவிந்தது. நரிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் ஆரம்பித்த உடனேயே முயல் வட்டைத் தட்டியது.

"கோல்!" என்று அண்டங்காக்கை அலறியது. காடே அதிர எல்லாரும் இறங்கிக் குதித்தார்கள். அப்பா, என்ன சந்தோஷம்! சிலர் அழுதேவிட்டார்கள். சடைச்சி எலிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

"கோல்!" மறுபடியும் குதித்தார்கள். "கோல்! கோல்!" குதித்துக் கரையேறுவதற்குள் அடுத்தது விழுந்தது. ஏறினவர்கள் திரும்ப இறங்கினார்கள். ஒரு கிழட்டு வரையாடு பாதி வழியிலேயே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "ஒரேயடியா நான் கீழேயே நின்னுக்கறேன். எப்படியும் இறங்கணுமே!" என்றது.

இந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போய், கூட்டம் முழுக்கப் பனிக்கட்டிமேலேயே நின்றுகொண்டது.

கோல் நின்றபாடில்லை. முயல் ஒரு கோலைக் கொட்டாவி விட்டபடியே போட்டது. இன்னொன்றை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வட்டு தானாகவே வழுக்கிக்கொண்டு போய் விழுந்ததாகச் சொன்னார்கள். அண்டங்காக்கைக்குத் தொண்டை கட்டி, "கோ... கோ..." என்று காற்றுத்தான் வந்தது. கீரிக் குட்டிகள் தூங்கிவிட்டன. அவற்றின் அம்மா தூங்குகிற குட்டிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தது.

"யாருப்பா ஜெயிக்கிறது?" என்று ஒரு கழுதை கேட்டது.

"யாருக்குத் தெரியும்? குதி!" என்றது பக்கத்து ஆடு.

"பாயசம்னா ஒரு கிண்ணம் குடிக்கலாம். இவங்க அண்டாவுக்குள்ளேயே தள்ளிட்டாங்களே!" என்று கழுதை முனகியது. நரிக்கு அது காதில் விழுந்தது. இருந்தாலும் விடவில்லை. "குதிங்க, குதிங்க! கேட்டது கிடைச்சிருக்கு, அனுபவிங்க!" என்று அதுவும் குதித்தது.

அப்போதுதான் காலடியில் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

வருஷத்துக்கு ஏதோ நாலைந்து குதி தாங்குகிற ஏரி அது. ஒரே நாளில் இத்தனை குதியை எப்படித் தாங்கும்? பனிக்கட்டியில் ஒரு கோடு ஓடியது. கோடு கிளைவிட்டது!

"ஓடுங்க! கரைக்கு ஓடுங்க!" என்று கரையிலிருந்து சடைச்சி கத்தியது.

அவ்வளவுதான், விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். முயல் கீரிக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. பன்றி தண்ணீர் ஓரம்வரை இறங்கி, கிழட்டு வரையாட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்துப் போட்டது. கடைசியாக ஓடிவந்த நரியின் காலடியில் பனிக்கட்டி பிளந்தது. கழுத்தளவு தண்ணீரில் விழுந்து, தட்டுத்தடுமாறிக் கரையேறியது.

எல்லாரும் அவரவர் பிள்ளைகளைத் தேடினார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பேருக்கெல்லாம் பதில் வந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை. அப்பாடா! கீரியம்மா குட்டிகளை நக்கி நக்கி அழுதது. கழுதை எதற்கென்று தெரியாமலே ஆட்டைக் கட்டிக்கொண்டது.

நரிக்கு மட்டும் உடம்பெல்லாம் ஆடியது. ஈர ரோமத்தில் பனிக்காற்று பட்டதும் மீசை உறைந்துபோனது. "கு... கு..." என்றதே தவிர, பேச்சு வரவில்லை.

சடைச்சி அதைப் பார்த்தது. பக்கத்தில் போய் நின்றது.

"உள்ளே வாங்கண்ணே. கன்னு கொஞ்சம் நகர்ந்துக்கும்."

நரி தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சடைமுடிக்குள் நுழைந்தது. உள்ளே இதமான சூடு. கன்று இடம் விட்டு, நரியின் ஈரக் காதை மோந்து பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக நரியின் நடுக்கம் அடங்கியது. தான் எதை வெட்டச் சொன்னோம் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெளியே எலிகள் வந்து நின்றன. "நரியாரே, சாயங்காலம் ஆச்சு! வெட்டிடலாமா?"

முடிக்குள்ளிருந்து நரி கத்தியது: "பல்லை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்கடா!"

கரை முழுக்க ஒரே சிரிப்பு. சடைச்சிக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டு, "ஆனா ஒண்ணு, அண்ணே. ஜனங்க சலிச்சுக்கிட்டதுலயும் நியாயம் இருக்கு. வாசல்ல குறுக்கே படுத்துக்கிட்டா யாரு கோல் போட முடியும்? இனிமே படுக்கக் கூடாதுன்னு சட்டம் போடுங்க. நான் நின்னே தடுக்கறேன். பன்றியோட வாசலைக் கொஞ்சம் அகலமாக்குங்க" என்றது.

"அது சட்டம்!" என்று முயல் துள்ளியது.

ஏரி மறுபடியும் கெட்டியானதும் ஆட்டம் நடந்தது. அன்று முயல் அடித்த வட்டையெல்லாம் சடைச்சி நின்றே தடுத்தது. ஒரு வட்டு வாசல் மரத்தில் பட்டுத் திரும்பியபோது கரையே தலையில் கை வைத்துக்கொண்டது. கொட்டாவி விட ஒருவருக்கும் நேரமில்லை. பொழுது சாயும் நேரத்தில் முயல் ஒரு பக்கம் சாய்வதுபோல் சாய்ந்து, மறுபக்கம் தட்டியது. வட்டு சடைச்சியின் கால்களுக்கு நடுவே நழுவி உள்ளே போனது.

இரண்டு கரையும் இறங்கி ஒரே ஒரு குதி குதித்தது. தோற்ற சடைச்சியும் சேர்ந்து குதித்தது. குளிர் தெரியாமல் கன்று அதன் முடிக்குள்ளேயே குதித்தது.

அள்ள அள்ளக் கிடைப்பதில் ஆனந்தம் இல்லை. ஆனந்தம் வேண்டும் என்று அடுத்தவர் போர்வையை உருவுவதில் நியாயமும் இல்லை.