பாயசம் அல்வாவான நாள்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்து வந்தது, பிள்ளைகளே. அதற்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது, மணிகூடக் கிடையாது. மரங்கொத்தி பனைமரத்தில் உட்கார்ந்து ‘டொக் டொக்’ என்று கொத்தினால் விளையாட்டு முடிந்தது, சாப்பாடு தயார் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காமல் சமையல்காரக் கரடி பானையை அடுப்பிலிருந்து இறக்காது. அப்படி ஒரு கறார்.

அன்றைக்குப் பலாப்பழப் பாயசம். அது கொதிக்கும்வரை எல்லோரும் சிலை விளையாட்டு ஆடினார்கள். காட்டுப்பன்றிக்குட்டி துரத்தும். அது தொட்டால் சிலையாக நின்றுவிட வேண்டும். பிடிபடாத யாராவது வந்து தொட்டால்தான் சிலைக்கு உயிர் வரும். தானாக அசைந்த சிலைக்கு ‘அழுகுணி’ என்று பெயர். அந்தப் பெயர் வாங்குவதைவிடப் பட்டினியே கிடக்கலாம்.

முதலில் குரங்கு பிடிபட்டது. அக்குளைச் சொறிந்தபடியே நின்றது. அடுத்து மயில். அடுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மரங்கொத்தி.

“முயலே, வந்து தொட்டுட்டுப் போடா,” என்றது குரங்கு.

“உன் பக்கம் வந்தா நானும் மாட்டிக்குவேன். கடைசி வரைக்கும் பிடிபடாதவன்தான் கெட்டிக்காரன்,” என்றது முயல். சிலைகளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடியது.

சமையல்கட்டிலிருந்து கரடி குரல் கொடுத்தது. “பாயசம் கெட்டியாகுது. யாருப்பா மணி அடிக்கிறது?”

“கரடியண்ணே, நீங்களே இறக்கிடுங்களேன்,” என்றது மயில்.

“மணி அடிக்காம இறக்க மாட்டேன்.” கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கரடி. “பாயசம் பொங்கலாயிடுச்சு.”

முயல் ஓட்டத்தை நிறுத்தியது. பாயசம் என்றால் அதற்கு உயிர். மரங்கொத்தியைத் தொட்டுவிடலாம் என்று பாய்ந்தது. ஆனால் முயலைத் துரத்திப் பிடிக்க முடியாததால் பன்றிக்குட்டி மரங்கொத்தியின் பக்கத்திலேயே நின்றிருந்தது. முயல் நெருங்குவதற்குள் எதிரே ஓடிவந்து ஒரே தட்டு. ஒரு கால் தரையில், மறு கால் ஆகாயத்தில் என்று முயலும் சிலையானது.

“இப்ப யாரு மணி அடிப்பா?” என்று பன்றிக்குட்டி அழ ஆரம்பித்தது. “நான் தொட்டா சிலைதான் ஆகும், உயிர் வராதே.”

“நான் இருக்கேன்ல,” என்றது ஒரு சின்னக் குரல்.

நத்தை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பன்றிக்குட்டி சட்டென்று முதுகைக் காட்டி நின்று, தன் வாலை ஆராயத் தொடங்கியது.

நத்தை முயலை நோக்கி ஊர்ந்தது. குரங்குக்குப் பொறுக்கவில்லை. “அவனைத் தொடாதே. அவன் நம்மளக் கண்டுக்கவே இல்லை.”

“உங்கிட்ட நான் வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பக்கத்துல இவன்தான் இருக்கான். எனக்கு ஓட வராது, இவனுக்கு வரும்,” என்றது நத்தை. முயலின் பாதத்தில் மெல்ல ஏறியது. கிச்சுகிச்சு தாங்காமல் முயலின் மீசை மட்டும் துடித்தது.

முயலுக்கு உயிர் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. குரங்கைத் தொட்டது, மயிலைத் தொட்டது, மரங்கொத்தியைத் தொட்டது. டொக் டொக்.

“அல்வாவே ஆயிடுச்சு,” என்று கரடி கரண்டியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தது.

எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள். முயல்தான் முதலில். பாதி வழியில் அது நின்றது. திரும்பி வந்து நத்தையின் முன்னால் குனிந்தது.

“ஏறிக்கோ.”

“மெதுவாப் போ. எனக்குத் தலை சுத்தும்,” என்றது நத்தை.

முயல் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நடந்து போனது. வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்தது. பானையில் அடிப்பிடித்த காந்தல்தான் மிச்சம். அதுதான் ருசி என்று இரண்டும் சேர்ந்து சுரண்டிச் சுரண்டித் தின்றன.

நீதி: ஓடத் தெரிந்தவர், மாட்டிக்கொண்ட நண்பரை நோக்கி ஓட வேண்டும்.