வெண்மண்ணும் உமியும்

கொடிமலை நாட்டு மன்னர் மாறவேலருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் அது மதுக்கிண்ணத்தைப் பார்த்துத்தான் வரும். ஊற்றிய திராட்சை மதுவில் தன் மீசை முனை பளிச்சென்று தெரிய வேண்டும் அவருக்கு. லேசாகக் கலங்கியிருந்தாலும், "என்ன இது, எருமை இறங்கிய குட்டையா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவார்.

அந்தத் தெளிவைக் கொடுத்தது வெண்மண். மலையடிவாரப் பள்ளத்தில் வெட்டியெடுத்து, மாவாக இடித்து, மதுவில் கலக்கித் துணிப்பையில் ஊற்றுவார்கள். மண் கசடைப் பிடித்துக்கொள்ளும்; தெளிந்த மது கீழே சொட்டும். அந்தப் பள்ளம் மதுக்கிடங்கு அதிகாரி அரங்கராயரின் மைத்துனருக்குச் சொந்தம். ஆகவே, வெண்மண்ணுக்கு ஈடாக ஈரேழு உலகத்திலும் ஒரு பொருள் கிடையாது என்று ராயர் அடித்துச் சொல்வார்.

ஆனால் மண் பையோடு நிற்கவில்லை. இடிக்கும்போதும் கொட்டும்போதும் தூசியாகப் பறந்து கிடங்கு ஆட்களின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. அரசவைக்கு நேர் கீழேதான் கிடங்கு. மேலே புலவர் பாட, கீழே இருமல் தாளம் போட்டது.

அவையில் சாத்தம்மை என்றொரு பெண் இருந்தாள். மன்னருக்கு ஆலோசகர். அவரை முகத்துக்கு நேரே கேலி செய்யக்கூடிய ஒரே ஆள். ஒருநாள் கிடங்குக்கு இறங்கிப் போய்ப் பார்த்தாள். கன்னியப்பன் என்ற ஆள் இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தவள் சிரிக்கவில்லை.

"அரசே, உங்கள் மது தெளிகிறது. அவர்கள் மூச்சு கலங்குகிறது. மண்ணை விட்டுவிடுங்கள். அது செய்யும் வேலையை உமியும் பஞ்சும் செய்யும்."

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உமியா? அரசர் குடிக்கும் மதுவில் மாட்டுத் தீவனமா? சரி அம்மணி, மண் வேண்டாம் என்கிறாய். அப்படியானால் மண்ணிலிருந்து வந்த எதையுமே நீ தொடக்கூடாது. உமியும் மண்ணில் விளைந்ததுதானே!"

"அதற்கென்ன, ராயரே? மண்ணில் விளையாத திராட்சையில் மது செய்து கொடுங்கள். மண்ணில் விளையாத பொருளைக் கொண்டு வடித்துத் தருகிறேன்."

அவை கொல்லென்று சிரித்தது. மன்னர் மீசையைத் தடவினார். "வடித்துக் காட்டு, சாத்தம்மை. என் மீசை தெரியாவிட்டால், பள்ளத்தில் மண் வெட்ட உன்னைத்தான் அனுப்புவேன்."

சாத்தம்மை உமியை நைய இடித்தாள். வைக்கோல் வாசனை போகும்வரை வெந்நீரில் அலசி அலசிக் காயவைத்தாள். கொட்டை நீக்கிய பஞ்சை நறுக்கி அதோடு சேர்த்தாள். மன்னர் முன்னிலையில் மதுவில் கலக்கித் துணிப்பையில் ஊற்றினாள்.

முதலில் சொட்டியது பழைய கஞ்சி மாதிரி இருந்தது.

"ஆஹா!" என்று கைதட்டினார் ராயர். "உப்பும் ஊறுகாயும் கொண்டு வரச் சொல்லட்டுமா, அரசே?"

மன்னரின் முகம் தொங்கிப்போயிற்று. சாத்தம்மைக்கும் உள்ளே திக்கென்றுதான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "பையின் உட்புறம் உமி இன்னும் ஒட்டிப் படியவில்லை" என்று சொல்லி, சொட்டியதை எடுத்து மறுபடி பையிலேயே ஊற்றினாள். மறுபடியும் கலங்கல். மறுபடியும் ஊற்றினாள். மெல்ல மெல்லச் சொட்டு தெளிந்தது. கடைசியில் மாணிக்கத்தை உருக்கினாற்போல் இறங்கியது. மன்னர் குனிந்து பார்த்தார். மீசை முனை தெரிந்தது. அதில் ஒரு நரைமுடிகூடத் தெரிந்தது.

ராயர் விடுவாரா? "கண்ணுக்குத் தெளிவுதான், அரசே. நாக்குக்கு? ஒரே வைக்கோல் நாற்றம்! என்னைப் போல் பழகிய நாக்குக்குத்தான் அது தெரியும்."

அவர் அப்படிச் சொன்னதும் மன்னருக்கும் வைக்கோல் வாசனை அடிப்பது போலவே இருந்தது. ஒரு வாய் குடித்து நாக்கைச் சப்புக் கொட்டிப் பார்த்தார். சந்தேகமாகத்தான் இருந்தது.

"அரசே, ஒரு நிமிஷம் உள்ளே வாருங்கள்" என்றாள் சாத்தம்மை.

இருவரும் உள்ளே போனார்கள். வரும்போது மன்னர் கையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று வெள்ளி, ஒன்று களிமண்.

"ராயரே, எது வெண்மண்ணில் வடித்தது, எது உமியில் வடித்தது? உங்கள் நாக்கு சொல்லட்டும்" என்றாள் சாத்தம்மை.

ராயர் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து உறிஞ்சினார். கண்களை மூடிக்கொண்டார். "ஆகா! இதுவல்லவோ வெண்மண்! தேவர்கள் குடிப்பது!" அடுத்துக் களிமண் கிண்ணத்தை வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் தூவென்று உமிழ்ந்தார். "இதோ உமி! தொழுவத்தில் வாயை வைத்த மாதிரி இருக்கிறது, அரசே!"

மன்னர் நிதானமாகக் கேட்டார். "உறுதியாகச் சொல்கிறீரா?"

"என் பதவியைப் பந்தயம் வைக்கிறேன்!"

"போயிற்று உம்முடைய பதவி. இரண்டையும் என் கையால் ஊற்றியவன் நான். இரண்டும் ஒரே குடத்து மது. உமியில் வடித்தது."

ராயர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கிவிட்டார்.

அன்றே வெண்மண் நின்றது. கிடங்குப் பொறுப்பு சாத்தம்மையிடம் வந்தது. இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அரண்மனை வைத்தியரும், குணமாகும்வரை வீட்டுக்கே படியரிசியும் வேண்டும் என்று கேட்டாள். மன்னர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, சாத்தம்மை. இத்தனை வருஷமாக இந்த ராயர் சொன்னது பொய் என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?"

"உங்கள் மேல் குற்றமில்லை, அரசே. சாதாரணப் பொய்யாக இருந்தால் அடியில் கொஞ்சம் கசடாவது தெரிந்திருக்கும். ராயர் சொன்னது வடிகட்டிய பொய்!"

மன்னர் குடித்துக்கொண்டிருந்த மது மூக்கு வழியாக வந்துவிட்டது. அதுவும் தெளிவாகத்தான் வந்தது.